பெட்ரோலில் எத்தனால்: இழுவை, மைலேஜ் பற்றி ஒர்க்‌ஷாப்பில் தினமும் கேட்கும் கேள்விகள்

ஈரோடு பக்கம் இருசக்கர வண்டிகளுக்கு ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். கொஞ்ச நாளாக ஸ்பேனரைக் கையில் எடுப்பதற்கு முன்பே எத்தனாலைப் பற்றி ஒரு கேள்விக்காவது பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. பாதிப்பேர் இன்ஜினே போய்விடும் என்று பயந்து வருகிறார்கள். மீதிப்பேர் எல்லாம் புரளி என்கிறார்கள். இரண்டுமே சரியில்லை. வந்தவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, தெரிந்த பதிலைக் கீழே கொடுத்திருக்கிறேன்.

எத்தனால் கலக்கறாங்க, கலக்கறாங்கன்னு சொல்றாங்களே, அது என்னங்ணா? சாராயமா?

வேதியியல்படி அதேதான், எத்தில் ஆல்கஹால். கரும்பு ஆலையில் மிஞ்சும் மொலாசஸ், கரும்புச் சாறு, குருணை அரிசி, மக்காச்சோளம் இவற்றைப் புளிக்க வைத்துக் காய்ச்சி எடுக்கிறார்கள். பெட்ரோலில் கலப்பதற்காக அதிலுள்ள தண்ணீரையும் கிட்டத்தட்ட முழுசாக நீக்கிவிடுகிறார்கள். தண்ணீர் ஏன் இருக்கக் கூடாது என்பது பின்னால் வரும்.

இது நேற்று வந்த திட்டம் இல்லை. 2003-லேயே தமிழ்நாடு உள்பட சில மாநிலங்களில் 5 சதவீதம் என்று தொடங்கினார்கள். நாடு முழுக்க 10 சதவீதம் வந்தது 2022-இல். 20 சதவீதம் கலந்த பெட்ரோலை 2023 பிப்ரவரியில் சில பங்க்குகளில் அறிமுகப்படுத்தி, 2025-இல் எல்லா இடத்துக்கும் கொண்டுவந்துவிட்டார்கள். 10 சதவீதம் கலந்தால் இ10, 20 சதவீதம் கலந்தால் இ20.

நான் சாதா பெட்ரோல்தானுங்க போடறேன். இ20 வேணும்னு கேட்டே வாங்குனதில்லையே?

கேட்க வேண்டியதில்லை. இன்று பங்க்கில் சாதா பெட்ரோல் என்று ஊற்றுவதே இ20-தான்.

55 குடுத்துட்டு இருந்த வண்டி இப்ப 50-க்கு வந்திருச்சு. எத்தனால்தானுங்களா காரணம்?

அதுவும் ஒரு காரணம். ஆனால் முழுப் பழியையும் அதன்மேல் போட முடியாது. ஒரு லிட்டர் பெட்ரோலை எரித்தால் சுமார் 32 மெகா ஜூல் வெப்பம் கிடைக்கும். ஒரு லிட்டர் எத்தனாலில் சுமார் 21 மெகா ஜூல்தான், அதாவது மூன்றில் இரண்டு பங்கு. ஐந்தில் ஒரு பங்கு எத்தனால் என்றால் அந்த லிட்டருக்குள் இருக்கும் சரக்கு, அதாவது எரித்தால் கிடைக்கும் வெப்பம், 7 சதவீதம் போல மெலிந்துவிடுகிறது. 10 சதவீதக் கலப்பில் இந்தக் குறைவு மூன்றரை சதவீதத்துக்குள் இருந்தது.

பலர் மறந்துவிடும் விஷயம் இதுதான்: 2022 முதல் நாம் ஊற்றிக்கொண்டிருந்ததே இ10. அதனால் உங்கள் 55 பெரும்பாலும் இ10-இல் கிடைத்த 55. அங்கிருந்து இ20-க்கு வந்தால் மூன்றரை சதவீதம் குறையும், 55 என்பது 53 ஆகும். 50 ஆகியிருந்தால் மீதி 3 கிலோமீட்டர் வேறு எங்கோ போகிறது.

போன மாதம் இதே புகாரோடு ஒரு தம்பி வந்தார். வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் போட்டுப் பின்சக்கரத்தைக் கையால் சுழற்றினேன். ஒரு சுற்று கூட முழுசாகச் சுற்றவில்லை, பிரேக் ஷூ ஒட்டிக்கொண்டு உரசியது. டிரம்மைத் தொட்டால் கை சுட்டது. பிரேக்கைத் தளர்த்தி, காய்ந்து கிடந்த செயினுக்கு ஆயில் விட்டு, பின் டயரில் 20-க்கு இறங்கியிருந்த காற்றைச் சரி செய்து அனுப்பினேன். அடுத்த முறை வந்தபோது 53 வருகிறது என்றார். அவர் இழந்ததில் எத்தனாலின் பங்கு அந்த இரண்டு கிலோமீட்டர்தான்.

கவர்மெண்ட்ல 2 பர்சன்ட்டுங்கறாங்க, வாட்ஸ்அப்புல 20 பர்சன்ட்டுங்கறாங்க. யாரைத்தானுங்க நம்பறது?

2021-இல் நிதி ஆயோக் வெளியிட்ட எத்தனால் திட்ட அறிக்கையில் வண்டி வகையைப் பொறுத்து மூன்று கணக்கு இருக்கிறது. பெட்ரோலுக்கென்றே வடிவமைத்து இ10-க்குச் சரிசெய்த கார் என்றால் 6 முதல் 7 சதவீதம் குறையும். அதே மாதிரியான இருசக்கர வண்டிக்கு 3 முதல் 4. இ10-க்கென்றே வடிவமைத்து இ20-க்கு டியூன் செய்த காருக்கு 1 முதல் 2. கடைசி வரியை மட்டும் ஒருவர் சொல்வார், முதல் வரியை மட்டும் இன்னொருவர் சொல்வார். இரண்டும் ஒரே தாளில் இருப்பவைதான். 2025 ஆகஸ்டில் பெட்ரோலிய அமைச்சகம் தந்த விளக்கத்திலும் இ20-க்கு டியூன் செய்த வண்டிக்கு 1 முதல் 2, மற்றவற்றுக்கு 3 முதல் 6 சதவீதம் என்றுதான் இருந்தது.

20 சதவீதம் என்பது கணக்கிலேயே வராது. 20 சதவீதம் எத்தனால் கலந்தால் 20 சதவீத மைலேஜ் போகும் என்று சிலர் நினைத்துக்கொள்கிறார்கள். எத்தனால் தண்ணீர் இல்லை, அதுவும் எரிகிறது. லிட்டருக்குள் குறைந்த சரக்கே 7 சதவீதம்தான் என்னும்போது 20 சதவீதம் மைலேஜ் குறைந்த வண்டியில் கண்டிப்பாக வேறு கோளாறு இருக்கிறது. அதைப் பாருங்கள். எத்தனால் என்று விட்டுவிட்டால் அந்தக் கோளாறு முற்றித்தான் போகும்.

மைலேஜ் போனாப் போகுதுங்க. இழுவையும் போச்சே? திம்பம் மலைப்பாதை ஏறறப்ப வண்டி மூச்சு வாங்குது.

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் செலவழிக்கிறேன். இழுவையும் மைலேஜும் ஒன்றாகவே போகும், ஒன்றாகவே வரும் என்ற நினைப்புதான் எல்லாக் குழப்பத்துக்கும் வேர்.

கொல்லன் உலைக்களத்தைப் பார்த்திருப்பீர்கள். தீ எவ்வளவு வேகமாக எரியும் என்பது துருத்தி ஊதும் காற்றில் இருக்கிறது. தீ எவ்வளவு நேரம் தாங்கும் என்பது கரியில் இருக்கிறது. இன்ஜினும் அப்படித்தான். 100 சிசி சிலிண்டர் ஒரு தடவைக்கு இழுக்கும் காற்றுக்கு ஓர் அளவு உண்டு. அந்தக் காற்றை முழுசாகப் பயன்படுத்தும் அளவுக்கு எரிபொருள் சேர்ந்தால், கிடைக்கும் சக்தியைத் தீர்மானிப்பது காற்றுதான். ஒரு கிலோ பெட்ரோல் எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். ஒரு கிலோ எத்தனாலுக்கு 9 கிலோ போதும், ஏனென்றால் அதன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆக்சிஜன் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. ஆக, அதே காற்றோடு எத்தனாலை அதிகமாகச் சேர்த்து எரிக்கலாம். ஒரு கிலோ காற்றுக்கு இவ்வளவு வெப்பம் என்று கணக்குப் போட்டால் பெட்ரோலில் சுமார் 2.9 மெகா ஜூல், எத்தனாலில் 3-ஐ ஒட்டி வரும். குறையவே இல்லை, நூலிழை கூடத்தான் செய்கிறது. கூடவே எத்தனால் ஆவியாகும்போது பெட்ரோலை விட இரண்டு மடங்குக்கு மேல் வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். அதனால் உள்ளே போகும் காற்று கொஞ்சம் குளிர்ந்து அடர்த்தியாகப் போகும். அதுவும் சக்திக்குச் சாதகம்தான்.

ஆகவே இ20 சரியான அளவில் உள்ளே போகும் இன்ஜினில் இழுவை குறையாது, லிட்டர்தான் சீக்கிரம் தீரும். திம்பத்தில் மூச்சு வாங்குவதற்குப் பாதிக் காரணம் மலையேதான். மேலே போகப் போகக் காற்று மெலிவதால் எந்தப் பெட்ரோல் ஊற்றினாலும் இழுவை குறையும். ஆனால் இங்கே சமவெளியிலேயே இழுவை குறைந்திருந்தால், ஒன்று வண்டியில் வேறு கோளாறு, இல்லையென்றால் எரிபொருள் சரியான அளவில் போகவில்லை. இந்த இரண்டாவது பிரச்சினை கார்ப்பரேட்டர் வண்டிகளில் வரும். அதைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

எத்தனால் கலந்தா ஆக்டேன் கூடும்ங்கறாங்க. அப்ப பவர் கூடத்தானுங்க வேணும்?

ஆக்டேன் கூடுவது உண்மை. முன்பு 91 ஆக்டேன் என்று கிடைத்த சாதா பெட்ரோல் இ20 ஆனபின் 95 ஆகியிருக்கிறது. ஆனால் ஆக்டேன் சக்தியின் அளவு இல்லை, பொறுமையின் அளவு. சிலிண்டருக்குள் எவ்வளவு நெருக்கி அழுத்தினாலும் பிளக் பொறி விழும்வரை தானாக வெடித்துவிடாமல் தாங்கும் குணம் அது.

அந்தப் பொறுமையைப் பயன்படுத்திக்கொள்ள இன்ஜின் தயாராக இருக்க வேண்டும். கம்ப்ரஷனைக் கூட்டி, பொறி விழும் நேரத்தை முன்னே தள்ளி வடிவமைத்தால் இ20-இல் இழந்த மைலேஜில் ஒரு பகுதியை மீட்டுவிடலாம். அந்த 1 முதல் 2 சதவீதக் கணக்கு அப்படி வந்ததுதான். அப்படித் தானாக வெடிப்பதை (நாக்கிங்) உணரும் நாக் சென்சர் உள்ள டர்போ கார்கள் தாமாகவே ஓரளவுக்குச் சரிசெய்துகொள்ளும். நம் 100, 125 சிசி வண்டிகள் 91 ஆக்டேனுக்கு எழுதி வைத்த கணக்கோடு வந்தவை. அவற்றில் 95 ஊற்றினால் நாக்கிங் சத்தம் குறையலாம். அதற்கு மேல் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள்.

என்னுது 2015 மாடலுங்க, கார்ப்பரேட்டர் வண்டி. இ20 போட்டா என்னாகும்?

உங்கள் வண்டியைப் பற்றித்தான் எனக்குக் கவலை. கார்ப்பரேட்டரில் ஜெட் என்பது பித்தளையில் போட்ட ஓர் ஓட்டை. என்ன எரிபொருள் வருகிறது என்று அதற்குத் தெரியாது, அளந்த அளவு விட்டுக்கொண்டே இருக்கும். சுத்தமான பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று. இ20-க்கு 13.5 பங்கு போதும். ஜெட் மாறாதபோது, தேவையான எரிபொருளில் 7 சதவீதம் போலக் குறைந்துவிடும். இதைத்தான் லீன் என்கிறோம்.

லீனாக ஓடும் வண்டி காலையில் ஸ்டார்ட் ஆகச் சோக்கை நம்பி நிற்கும், ஐடிலிங்கில் திணறும், த்ராட்டிலைச் சட்டென்று திருப்பினால் ஒரு நொடி தயங்கிவிட்டு எடுக்கும். நீங்கள் இழுவை போச்சு என்று சொல்வது இந்தத் தயக்கத்தைத்தான். பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நடுவிலுள்ள பீங்கான் காபிப்பொடி நிறத்தில் இருந்தால் சரியாக எரிகிறது. சுண்ணாம்பு போல வெளுத்திருந்தால் லீன். கறுத்துப் புகைபடிந்திருந்தால் ரிச், அதாவது எரிபொருள் தேவைக்கு மேல் போகிறது.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு. எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு வரும் பழைய வண்டிகளில் நிறைய ஏற்கெனவே ரிச்சாக ஓடுபவை. பிளக் கறுத்திருக்கும், பின்னால் பெட்ரோல் வாடை வரும். அந்த வண்டிகளில் எத்தனால் வந்தபின் எரிவது கொஞ்சம் சுத்தமாகிறது, முன்னைவிட நன்றாகப் போகிறது என்று சொன்னவர்களும் உண்டு. ஒரே மாடல் வண்டி வைத்திருக்கும் இரண்டு பேர் எதிரெதிராகப் பேசினால் இரண்டு பேரையும் நம்பலாம்.

அப்ப மெயின் ஜெட்டைப் பெருசா மாத்திட்டாப் போதுங்களா?

முதலில் ஏர் ஸ்க்ரூவைச் சரிசெய்யுங்கள், ஐடிலிங்கிலும் குறைந்த வேகத்திலும் வரும் திணறல் பெரும்பாலும் அதிலேயே போய்விடும். அதற்கும் அடங்காமல், பிளக் வெளுத்து, இன்ஜின் சூடும் அதிகமாக இருந்தால் ஒரே ஒரு சைஸ் பெரிய ஜெட். இரண்டு சைஸ் தாவினால் மைலேஜ் இன்னும் போய்விடும். மாற்றி 200 கிலோமீட்டர் ஓட்டியபின் பிளக்கை மறுபடி கழற்றிப் பார்க்காமல் வேலை முடிந்தது என்று சொல்லும் மெக்கானிக்கிடம் இதைக் கொடுக்காதீர்கள். டிரில்லை விட்டு ஓட்டையைப் பெரிதாக்குபவர்களிடம் வண்டியையே விடாதீர்கள்.

எஃப்.ஐ. வண்டிக்கு ஒண்ணுமே பண்ண வேண்டாங்களா?

பெரும்பாலும் வேண்டாம். எஃப்.ஐ. என்றால் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன்: கார்ப்பரேட்டருக்குப் பதிலாக, கம்ப்யூட்டர் சொல்லும் அளவில் இன்ஜெக்டர் பெட்ரோலைப் பீய்ச்சும். பி.எஸ்.6 புகை விதி வந்த 2020-க்குப் பிறகு ஏறக்குறைய எல்லா வண்டிகளும் எஃப்.ஐ.தான். புகைக்குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சர், எரிந்தது லீனா ரிச்சா என்று கம்ப்யூட்டருக்கு ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கும். லீன் என்றால் இன்ஜெக்டர் கண்ணிமைப்பதை விட மிகமிகக் குறைந்த நேரம் கூடுதலாகத் திறந்திருக்கும், அவ்வளவுதான் திருத்தம். இழுவை குறையாமல் அப்படியே இருக்கும், லிட்டர்தான் சீக்கிரம் தீரும். துருத்தி, கரி என்று மேலே சொன்னது இந்த வண்டிகளில் அப்படியே நடக்கிறது.

ஒரே ஒரு இடம் கவனிக்க வேண்டும். த்ராட்டிலை முழுசாகத் திருகும்போது பெரும்பாலான வண்டிகளில் கம்ப்யூட்டர் சென்சரைக் கேட்காமல், எழுதி வைத்த கணக்கையே பார்க்கும். வழக்கமாக அந்தக் கணக்கு ரிச்சாகவே எழுதப்பட்டிருப்பதால் தாங்கிவிடும். ஆனால் இன்ஜெக்டரோ பெட்ரோல் ஃபில்டரோ பாதி அடைத்த வண்டியில் அந்த மிச்சம் இருக்காது. நெடுஞ்சாலையில் 80-க்கு மேல் போனால் மட்டும் தயங்குகிறது என்றால் முதலில் அதைப் பாருங்கள்.

மைலேஜைச் சரியாப் பாக்கறது எப்படிங்க? மீட்டர்ல காட்டறதை நம்பலாமா?

மீட்டர் காட்டுவது கம்ப்யூட்டர் போடும் கணக்கு. அதை ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சரியான வழி பழைய வழிதான். ஒரே பங்க், முடிந்தால் அதே மெஷின். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி டேங்க் கழுத்துவரை நிரப்பி ட்ரிப் மீட்டரைச் சைபர் ஆக்குங்கள். குறைந்தது 200 கிலோமீட்டர் வழக்கம்போல ஓட்டி, அதே கழுத்துவரை மறுபடி நிரப்புங்கள். ஓடிய கிலோமீட்டரை இரண்டாவது முறை பிடித்த லிட்டரால் வகுத்தால் மைலேஜ். 212 கிலோமீட்டருக்கு 4 லிட்டர் பிடித்தால் 53.

இதை மூன்று முறை செய்து சராசரி பாருங்கள். ஒரு தடவையில் 2 கிலோமீட்டர் ஏற இறங்க வருவது சகஜம், எத்தனாலால் குறைவதும் ஏறக்குறைய அதே அளவு என்பதால் ஒரே தடவை பார்த்தால் எதுவும் தெரியாது. நூறு ரூபாய்க்குப் போட்டு, ரிசர்வ் விழுந்ததை வைத்துச் சொல்லும் மைலேஜை நான் கணக்கில் எடுப்பதில்லை.

20-தான் கலக்கறாங்களா, இல்ல அதுக்கு மேலயும் கலக்கறாங்களா? எனக்குச் சந்தேகமா இருக்குதுங்க.

இதை நீங்களே பார்க்கலாம். எத்தனாலுக்குப் பெட்ரோலை விடத் தண்ணீர்தான் பிடிக்கும். 100 மில்லி அளவுக் குடுவை ஒன்றை எடுத்து முதலில் 40 மில்லி தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு சொட்டுப் பேனா மை விட்டால் கோடு தெளிவாகத் தெரியும். அதன்மேல் 50 மில்லி பெட்ரோல். மூடி நன்றாகக் குலுக்கி, மூடியை ஒரு தடவை திறந்து ஆவியை விட்டு, பத்து நிமிடம் அசையாமல் வையுங்கள். எத்தனால் முழுக்கக் கீழே தண்ணீரோடு சேர்ந்துவிடும். 40-இல் இருந்த நீலக் கோடு 50-ஐ ஒட்டி ஏறி நின்றால் அது 20 சதவீதம். ஒரு மில்லி ஏறினால் 2 சதவீதம் என்று வைத்துக்கொள்ளலாம். ஆய்வகத் துல்லியம் இருக்காது, 20-ஆ 35-ஆ என்ற சந்தேகம் தீர்ந்துவிடும். திறந்த வெளியில் செய்யுங்கள், பக்கத்தில் அடுப்போ பீடியோ இருக்கவே கூடாது. அந்தப் பெட்ரோலைத் திரும்ப டேங்க்கில் ஊற்றாதீர்கள்.

மழைக்காலத்துல பெட்ரோல்ல தண்ணி வந்து வண்டி நின்னுபோகுதே, அதுக்கும் எத்தனாலுக்கும் சம்பந்தம் உண்டுங்களா?

உண்டு. மேலே குடுவையில் நீங்கள் செய்ததை மழை உங்கள் டேங்க்கில் செய்கிறது. முன்பெல்லாம் கொஞ்சம் தண்ணீர் இறங்கினால் அது தனியாக அடியில் கிடக்கும். எத்தனால் இருந்தால் கொஞ்சம் தண்ணீரைக் கரைத்து இன்ஜினுக்குள் அனுப்பிவிடும், அதுவரை நல்லதுதான். இ10-இல் லிட்டருக்குச் சுமார் 5 மில்லி வரை கரையும், இ20-இல் இன்னும் கொஞ்சம் கூட. அந்த எல்லையைத் தாண்டினால் எத்தனால் பெட்ரோலைக் கைவிட்டுத் தண்ணீரோடு மொத்தமாக அடியில் இறங்கிவிடும். பெட்ரோல் போகும் குழாய் இருப்பதும் அடியில்தான்.

இரண்டு வருடத்துக்கு முன் ஐப்பசி மழையில் ஒரே நாளில் மூன்று வண்டிகளைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். மூன்று பேரும் ஒரே பங்க்கில் போட்டவர்கள். டேங்க்கை வடித்துக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்தேன். அடியில் மூன்றில் ஒரு பங்கு, அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி கலங்கி நின்றது. மேலே தெளிந்த பெட்ரோல். இரண்டுக்கும் நடுவில் கத்தியால் வெட்டியது போல ஒரு கோடு. தவறு பங்க்கின் பாதாளத் தொட்டிக்குள் இறங்கிய மழைநீரில்தான்.

காற்றின் ஈரம் ஒன்றே இதைச் செய்துவிடும் என்று பயப்படாதீர்கள், தினம் ஓடும் வண்டியில் அந்த வேகத்துக்கு ஈரம் ஏறாது. டேங்க் மூடியின் ரப்பர், மூடியைச் சுற்றித் தண்ணீர் வெளியேறும் சின்னத் துளை, வாட்டர் வாஷில் பீய்ச்சும் தண்ணீர் இவற்றைக் கவனியுங்கள். பெருமழை பெய்த மறுநாள் காலையில் முதல் ஆளாகப் பங்க்குக்குப் போகாமல் இருப்பது என் வழக்கம்.

ரப்பர் எல்லாம் கரைஞ்சு போயிருமாமே?

கரைவதில்லை. பழைய வகை ரப்பர் ஊறி உப்பும், பின் காய்ந்து வெடிக்கும். பெட்ரோல் ஹோஸ், டேங்க் டேப்புக்குள் இருக்கும் வாஷர், கார்ப்பரேட்டர் ஃப்ளோட் நீடிலின் ரப்பர் முனை, ஓ-ரிங் ஆகியவைதான் முதலில் போகும். ஹோஸை விரலால் நசுக்கிப் பாருங்கள். கொழகொழ என்று இருந்தாலும் தவறு, மொறமொற என்று விறைத்திருந்தாலும் தவறு. கார்ப்பரேட்டரிலிருந்து பெட்ரோல் வழிந்தால் பெரும்பாலும் நீடில் முனைதான். உலோகத்தில் துத்தநாகக் கலவை பாகங்களும், உள்ளே பூச்சு உரிந்த டேங்க்கும் தண்ணீர் சேர்ந்த எத்தனாலுக்கு ஆகாது.

2023 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் இந்தப் பாகங்கள் இ20-ஐத் தாங்கும் பொருளில் செய்யப்பட்டவை. அதற்கு முந்தையதில் நாளைக்கே எதுவும் நடந்துவிடாது, ஆனால் நாலு வருடத்துக்கு ஒரு முறை மாற்றிய ஹோஸை இனி இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள்.

நான் துபாய்ல இருக்கறேனுங்க. வருசத்துல பதினொரு மாசம் வண்டி ஷெட்ல நிக்கும். என்ன பண்ணலாம்?

கார்ப்பரேட்டர் வண்டி என்றால் டேப்பை மூடிவிட்டு, இன்ஜின் தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். அப்புறம் ஃப்ளோட் கிண்ணத்தின் அடியிலுள்ள ஸ்க்ரூவைத் தளர்த்தி மிச்சத்தையும் வடித்துவிடுங்கள். இதைச் செய்யாமல் போய்த் திரும்பி வந்தவர்களின் ஜெட்டில் பச்சைப் பாசி மாதிரி படிந்திருந்ததைச் சுரண்டிச் சுரண்டி என் கை ஓய்ந்திருக்கிறது. டேங்க்கை ஒன்று முழுசாக நிரப்புங்கள், அல்லது முழுசாகக் காலி செய்து உள்ளே லேசாக எண்ணெய் பூசுங்கள். பாதி டேங்க்தான் மோசம். காற்று இருக்கும் இடத்தில் ஈரம் ஏறும், இரவில் குளிரும்போது அது தண்ணீராகிச் சுவரில் வழியும்.

எஃப்.ஐ. வண்டியை வீட்டில் யாராவது பதினைந்து நாளுக்கு ஒரு முறை ஊருக்குள் ஒரு சுற்று ஓட்டட்டும். நிறுத்திய இடத்திலேயே ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பதால் புகைக்குழாயில் தண்ணீர் சேர்வதுதான் மிச்சம்.

ஆர்.எக்ஸ். 100 வெச்சிருக்கறேன். டூ ஸ்ட்ரோக்குக்கு ஆகுங்களா?

எச்சரிக்கையாக இருங்கள். டூ ஸ்ட்ரோக் இன்ஜினுக்கு எரிபொருளே ஓரளவுக்குக் குளிர்ச்சியும் எண்ணெயும் தருகிறது. லீன் ஆனால் ஃபோர் ஸ்ட்ரோக் திணறும், டூ ஸ்ட்ரோக் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். பிளக் நிறத்தை மாதம் ஒரு முறை பாருங்கள், ஜெட் ஒரு சைஸ் கூட்டுவதை உங்கள் விஷயத்தில் நானே முதலில் சொல்வேன். டேங்க்கில் தண்ணீர் இறங்காமல் பார்த்துக்கொள்வது மற்றவர்களை விட உங்களுக்கு அவசியம்.

பிரீமியம் பெட்ரோல் போட்டா எத்தனால் இல்லாமத் தப்பிச்சுக்கலாங்களா?

விலை கூடிய பெட்ரோல் என்பதாலேயே எத்தனால் இல்லை என்று பொருள் இல்லை. பங்க்கில் கேளுங்கள், நம்பிக்கை இல்லையென்றால் குடுவையில் பாருங்கள். ஆக்டேன் பற்றி மேலே சொன்னதுதான் இங்கேயும்: 125 சிசி வண்டிக்கு அதிக ஆக்டேன் வாங்கினால் இழுவையும் கூடாது, மைலேஜும் கூடாது. எத்தனால் கலக்காத பெட்ரோலும் விற்பனையில் இருக்க வேண்டும் என்று கேட்ட பொதுநல வழக்கை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பரில் தள்ளுபடி செய்துவிட்டது. கடையில் விற்கும் எத்தனால் எதிர்ப்பு மருந்து பாட்டில்களும் வேண்டாம். குறைந்துபோன வெப்பத்தை எந்தப் பாட்டிலாலும் திரும்பச் சேர்க்க முடியாது.

பிரேசில்ல 30 போடறாங்களே, அங்க வண்டி ஓடலீங்களா?

ஓடுகிறது. அங்கே 1975-இலேயே தொடங்கிவிட்டார்கள். 2003 முதல் எந்தக் கலப்பையும் தாங்கும் ஃப்ளெக்ஸ் கார்களை விற்கிறார்கள். 2015-இல் 27 சதவீதமாக்கி 2025 ஆகஸ்டில்தான் 30-க்கு வந்தார்கள். வண்டிகள் மாற அவ்வளவு காலம் கொடுத்தார்கள். தனி எத்தனாலும் பங்க்கில் கிடைப்பதால் அங்கே ஓட்டுநர்கள் வாய்க்கணக்கு ஒன்று வைத்திருக்கிறார்கள்: எத்தனால் விலை பெட்ரோல் விலையில் 70 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் எத்தனால், மேலே போனால் பெட்ரோல். லிட்டருக்குள் சரக்கு குறைவு என்பதை அங்கே யாரும் மறைக்கவில்லை, விலையோடு சேர்த்துப் பேசுகிறார்கள். நாம் 10-இலிருந்து 20-க்கு மூன்றே வருடத்தில் வந்தோம். ரோட்டில் ஓடும் பழைய வண்டிகளுக்கு அந்த அவகாசம் கிடைக்கவில்லை என்பது என் வருத்தம்.

லிட்டருக்குள்ள சரக்கு குறைஞ்சிருச்சுன்னு நீங்களே சொல்றீங்க. விலை ஏனுங்க குறையல?

எனக்கும் இதில் சமாதானம் இல்லை. பெட்ரோலை விட எத்தனால் மலிவு என்று நாம் நினைத்திருந்தோம். 2024-25 பருவத்தில் மக்காச்சோள எத்தனாலுக்கு அரசு கொடுத்த விலை லிட்டருக்கு 71 ரூபாய் 86 காசு. வரி சேர்க்கும் முன் பெட்ரோலின் அடக்க விலையை விட இது அப்போது கூடுதல் என்பதால் விலையைக் குறைக்க வழியில்லை என்றார்கள். கச்சா எண்ணெய் இறக்குமதி குறைகிறது, விவசாயிக்குப் பணம் போகிறது என்பதெல்லாம் சரி. கரும்பும் சோளமும் விளையும் ஊரில் இருந்துகொண்டு நான் அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கலப்புப் பெட்ரோலின் விலை எத்தனால் கலக்காத பெட்ரோலை விடக் குறைவாக இருக்க வேண்டும் என்று அதே நிதி ஆயோக் அறிக்கைதான் 2021-இல் பரிந்துரைத்தது.

என்ன பாரம் என்று பார்த்துவிடலாம். மாதம் 1200 கிலோமீட்டர் ஓடும் வண்டி 55-இலிருந்து 53-க்கு வந்தால் கூடுதலாக முக்கால் லிட்டருக்குச் சற்று மேல், 80 ரூபாய் சுமார். உணவு டெலிவரி செய்யும் தம்பி தினம் 150 கிலோமீட்டர், மாதம் 26 நாள் ஓட்டினால் கூடுதலாக 2.7 லிட்டர், லிட்டர் 100 என்று வைத்தாலும் 270 ரூபாய். ஒரு சர்வீஸ் ஆயில் காசு. நாள் முழுக்க ரோட்டில் இருப்பவனுக்கு அது சின்னத் தொகை இல்லை.

புது வண்டி எடுக்கப் போறேனுங்க. எதைப் பாத்து எடுக்கறது?

கையேட்டிலோ டேங்க் மூடி பக்கமோ இ20 என்று போட்டிருக்கும். அதில் இரண்டு வகை உண்டு. 2023 ஏப்ரலிலிருந்து வந்தவற்றில் ரப்பரும் உலோகமும் இ20-ஐத் தாங்கும், ஆனால் டியூனிங் இ10-க்கு இருக்கலாம். டியூனிங்கும் இ20-க்கு மாற வேண்டிய கெடு 2025 ஏப்ரல். பழைய ஸ்டாக்கைத் தள்ளுபடியில் கொடுத்தால் தயாரித்த மாதத்தைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். தள்ளுபடி நன்றாக இருந்தால் வாங்கலாம், மைலேஜில் ஒன்றிரண்டு சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருக்காது.

எங்கப்பா ஓட்டுன 98 மாடல் வண்டிங்க. அவரு ஞாபகமா வெச்சிருக்கறேன். இ20-னால அதை வித்தரலாமான்னு வீட்டுல சொல்றாங்க.

இதற்காக விற்காதீர்கள். உங்கள் வண்டி மாதிரியே ஒன்றைப் போன மாதம் முடித்துக் கொடுத்தேன். பெட்ரோல் ஹோஸ், டேப் வாஷர் செட், ஃப்ளோட் நீடில், கார்ப்பரேட்டர் ஓ-ரிங் இவ்வளவும் புதிது. மெயின் ஜெட் ஒரு சைஸ் மேலே. டேங்க்கைக் கழற்றித் துரு நீக்கி உள்ளே பூச்சு அடித்தோம். டேங்க் வேலையைத் தவிர மீதிக்கு ஆன செலவு ஆயிரம் ரூபாய்க்குள். வாரம் இரண்டு நாளாவது ஓட்டுங்கள், டேங்க்கை நிறைத்தே வையுங்கள். தீபாவளிக்கு ஒரு முறை, சித்திரையில் ஒரு முறை ஹோஸை விரலால் நசுக்கிப் பாருங்கள்.